தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் ஒரு சிற்றலை வானொலி

2022-ஆம் ஆண்டு இறுதியில் பர்மா பஜாரில் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கிய, தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பை எடுக்கும் சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலிப் பெட்டி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அதே சில்லும் அதே உறையும் கொண்ட நான்கைந்து பெட்டிகள் வெவ்வேறு பெயர்களில் ஒரே அலமாரியில் இருந்தன. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரியது. பண்பலை, மத்திய அலை, சிற்றலை மூன்றும் எடுக்கும். பழைய நோக்கியா கைப்பேசிக்குப் போடும் பேட்டரியே இதற்கும் பொருந்துவதால், பேட்டரி உப்பிப்போனால் வண்ணாரப்பேட்டையில் எந்த மொபைல் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு எட்டாவது மாதத்திலேயே உப்பியது. ஆண்டெனாவின் அடிமூட்டும் ஓராண்டுக்குள் தளர்ந்துவிட்டது. விற்ற கடைக்காரர் ரசீது கேட்டார்; அந்த ரசீதை அவர் கொடுத்ததே இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டிவிட்டுத் திரும்பினேன்.

இதை வாங்கியதன் நோக்கம் பாட்டு கேட்பதல்ல. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய காலத்தில், பல நாட்டு மாலுமிகள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதும் அதே நாடுகளைப் பற்றி நான் செய்தியில் படித்ததும் ஒத்துப்போனதே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு, ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றி வெளியாருக்கு என்ன சொல்கிறது, அதே நாட்டைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரே மாலையில், அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க விரும்பினேன். இணையத்திலும் கேட்கலாம்தான், ஆனால் அங்கே நாம் தேடுவதுதான் வரும். இந்தப் பெட்டியில், சிற்றலையின் ஒரு பகுதியான 31 மீட்டர் அலைவரிசையில் திருகைச் சிறிது நகர்த்தினால், நாம் தேடாத நாடு ஒன்று வந்து பேசத் தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் இது பயன்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு கைப்பேசி சார்ஜர் என எல்லாமே சிற்றலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை பத்து மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, அதன் முனையை ஒரு கிளிப்பால் ஆண்டெனாவில் கவ்வவிட்ட பிறகுதான் பெட்டிக்கு உயிர் வந்தது. பொழுது சாய்ந்தபின் கேட்பது நல்லது. தொலைதூர அலைகளைத் திருப்பி அனுப்பும் வேலையை, வானில் உயரே மின்னேற்றம் பெற்றிருக்கும் காற்றடுக்கான அயனி மண்டலம் அப்போது இன்னும் நன்றாகச் செய்கிறது.

இந்தப் பெட்டியின் உண்மையான சோதனை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நடந்தது. எங்கள் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்திருந்தது. தெருவே இருளில் கிடந்ததால் இரைச்சல் முழுதும் அடங்கி, லண்டன் பி.பி.சி.யின் ஆங்கில ஒலிபரப்பு பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, என் ஊரைப் பற்றி அயலார் சொல்வதைக் கேட்டேன். நான் கேட்ட செய்தியில் விமான நிலையம் மூடப்பட்டது, ஓடுபாதையில் நீர், தொழிற்சாலைகள் நிறுத்தம், புயல் ஆந்திரக் கரையைக் கடக்கவிருப்பது ஆகியவை இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பால் பாக்கெட்டுக்கு நின்ற வரிசையும், படகில் வந்த சோற்றுப் பொட்டலமும், அடுத்த சில நாட்களில் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கிய எண்ணெயும் நான் கேட்ட நேரங்களில் அங்கே வரவில்லை. லண்டனில் அதைக் கேட்டவருக்குச் சென்னை என்பது மூழ்கிய ஒரு விமான நிலையமாகத்தான் தோன்றியிருக்கும்.

சீன வானொலி இதற்கு நேர்மாறானது. 1963-இல் பீக்கிங் வானொலியாக இருந்தபோதே தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய நிலையம் அது. அதன் சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, நம் பண்பலை அறிவிப்பாளர்கள் வெட்கப்படும் அளவுக்குத் தூய தமிழ் பேசுவார்கள். வசந்த விழாவுக்கு எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், அதிவேக ரயில் எந்த ஊரை எட்டியது, தமிழ்நாட்டு நேயர் எழுதிய கடிதம் என்று கேட்கக் கேட்க அந்த நாட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், பயணம் செய்கிறார்கள், நம்மை நினைக்கிறார்கள் என்று தோன்றும். அரசோடு முரண்படும் ஒருவர்கூட அங்கே வாழ்வதாகத் தெரியாது. அதே சீனாவைப் பற்றி மேற்கத்திய நிலையங்களில் கேட்டால் தணிக்கை, கைது, தைவான் நீரிணை ஆகியவை வரும். அடுப்பு எரியும் வீடு ஒன்றுகூட வராது. நண்பரின் மகன் சரக்குக் கப்பலில் நிங்போ போய்வந்து சொன்னான்: ரயில் சொன்ன வேகத்தில்தான் ஓடுகிறது, ஆனால் துறைமுக வைஃபையில் வாட்ஸ்அப் திறக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எந்த நிலையத்திலும் நான் கேட்டதில்லை.

யார் பணத்தில் யார் பேசுகிறார் என்பதையும் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது, இணையத்தில் தொடர்கிறது. பி.பி.சி.யின் உலக சேவைக்கு 2014 வரை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைதான் பணம் கொடுத்தது. எந்தெந்த மொழிகளில் ஒலிபரப்புவது என்பதற்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சரின் இசைவு இன்றும் வேண்டும். அமெரிக்க அரசின் வெளிநாட்டு ஒலிபரப்பான அமெரிக்கக் குரலோ (வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா) இன்னும் விசித்திரமானது: 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஒலிபரப்பை அமெரிக்காவுக்குள்ளேயே பரப்பக் கூடாது என்ற தடை 2013 வரை இருந்தது. வெளியாருக்கென்று சமைத்ததை வீட்டார் ருசிக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. 2025 மார்ச்சில் அதிபரின் ஆணையால் அந்த ஒலிபரப்பு முடங்கியபோது, நான் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தது. பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்து இரண்டு நாள் ஆண்டெனாவைக் குடைந்துகொண்டிருந்தேன்.

நம் ஆகாசவாணியின் அயல்நாட்டு ஒலிபரப்பும் இதற்கு விலக்கல்ல. 1939-இல் பஷ்தூ மொழியில் தொடங்கிய அந்தச் சேவையில் நான் கேட்ட இந்தியாவில் கச்சேரி, திட்டத் தொடக்க விழா, திருவிழா எல்லாம் உண்டு. மணலி ஆலைகளின் புகையோ கொசஸ்தலை ஆற்றில் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பலோ இல்லை. வடசென்னைக்காரனுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. காசிமேடு என்றதும் அரிவாளைக் கேட்கும் வெளியூர் உறவினருக்கு, சினிமாவில் பார்த்தது போக, விடியற்காலை மீன் ஏலம் நடப்பதே தெரியாது.

பெட்டியின் ஒலிபெருக்கி சுமார்தான். காதுக்கருவி போட்டால் பேச்சு துலங்குகிறது. சார்ஜில் இருக்கும்போது சிற்றலை கேட்க முடியாது, அந்த உறுமலே நிலையத்தை விழுங்கிவிடும். நிலையங்களைத் தானாகத் தேடும் வசதி பாதியைத் தவறவிடுகிறது. கையால் திருகுவதே மேல். இத்தனை குறைகளோடும் 2,800 ரூபாய்க்கு இது எனக்குக் கட்டுபடியான பொருள், ஒரே நாட்டைப் பற்றி இரண்டு நிலையங்களையாவது கேட்கும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன். வாங்குபவர் ஆண்டெனாவை முழுதாக நீட்டி அடிமூட்டு ஆடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, ரசீதைக் கையில் வாங்கிய பிறகு பணத்தைக் கொடுக்கவும்.