ப்ராக்ஸ்மாக்ஸ்ல ஒரு விஎம் டிஸ்க்க கழட்டி இன்னொரு விஎம்ல மாட்டுறது: நாலு வருஷ அனுபவம்

எங்க ஆபீஸ்ல ரெண்டு சர்வர், ரெண்டுலயும் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வர்ல பல விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர்), மொத்தமா ஒரு இருபது விஎம், அதாவது சாஃப்ட்வேராலயே ஆன கம்ப்யூட்டர், ஓடுது. நாலு வருஷமா இத நான்தான் பாத்துக்குறேன். ஆரம்பத்துலயே ஒரு பழக்கம் வச்சிக்கிட்டேன், ஓஎஸ்க்கு ஒரு டிஸ்க், டேட்டாவுக்கு தனி டிஸ்க். ஓஎஸ் பழசாயிட்டா புது விஎம் போட்டு, டேட்டா டிஸ்க்க மட்டும் கழட்டி அதுல மாட்டிடலாம். 400 ஜிபிய நெட்வொர்க் வழியா காப்பி போட்டுட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருக்க வேண்டாம்.

மாட்டுற வேலை ரொம்ப சின்னது. விஎம்ம ஷட்டவுன் பண்ணிட்டு ஹார்ட்வேர் டேப்ல டிஸ்க்க செலக்ட் பண்ணி டீடேச் குடுத்தா அது அன்யூஸ்டு டிஸ்க்னு கீழ வந்து நிக்கும், அப்புறம் டிஸ்க் ஆக்‌ஷன்ல ரீஅசைன் ஓனர் போய் எந்த விஎம்க்குன்னு சொன்னா முடிஞ்சிது. ஒரே ஸ்டோரேஜுக்குள்ள டேட்டா எதுவும் காப்பி ஆகாது, பேரு மட்டும் மாறும், அதனால 10 ஜிபியா இருந்தாலும் 2 டிபியா இருந்தாலும் ரெண்டு செகண்ட்தான். அந்த டிஸ்க் ஏதாவது ஸ்னாப்ஷாட்ல (விஎம்மோட ஒரு நேரத்து நிலைய அப்படியே பிடிச்சு வச்சது) இருந்தா மாத்த விடாது, ஸ்னாப்ஷாட்ட அழிச்சிட்டுதான் பண்ணணும்.

அந்த பேருதான் இதுல முக்கியமான விஷயம், நான் இத லேட்டாதான் புரிஞ்சிக்கிட்டேன். ப்ராக்ஸ்மாக்ஸ்ல டிஸ்க் பேரு விஎம்-100-டிஸ்க்-1 இப்படி இருக்கும், அந்த 100ங்கறதுதான் ஓனர். எந்த விஎம்ல மாட்டியிருக்குன்னு அந்த விஎம்மோட செட்டிங்ஸ் இருக்குற கான்ஃபிக் ஃபைல் சொல்லும், ஆனா யாருக்கு சொந்தம்னு பேருதான் சொல்லும். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. 100 கான்ஃபிக்ல இருந்த டிஸ்க் வரிய கட் பண்ணி 101 கான்ஃபிக்ல பேஸ்ட் பண்ணேன், பூட் ஆச்சு, மவுண்ட் ஆச்சு, வேலை முடிஞ்சிதுன்னு போயிட்டேன். அஞ்சாறு மாசம் கழிச்சு கூட வேலை செய்யுற தம்பி ஒருத்தர் 100 இப்ப சும்மாதானே கிடக்குன்னு அழிச்சாரு, அழிக்கும்போது கான்ஃபிக்ல இல்லாத டிஸ்க்கையும் சேத்து அழிக்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதையும் டிக் பண்ணிட்டாரு. அவர் மேல தப்பே இல்ல, பேர்ல 100னு இருக்கே.

அது டைரக்டரி ஸ்டோரேஜ்ல, அதாவது ஒரு ஃபோல்டர்ல, இருந்த கியூகவ்2 ஃபைல், முழு டிஸ்க்கும் அந்த ஒரே ஃபைல்தான். ஃபைல் போயிடுச்சு, ஆனா 101 ஓடிட்டே இருக்கு, உள்ள யூசர்ஸ் வேலை பாத்துட்டே இருக்காங்க. லினக்ஸ்ல ஒரு ஃபைல அழிச்சாலும் அத திறந்து வச்சிருக்குற ப்ராசஸ் ஓடுற வரைக்கும் டேட்டா உண்மையில போகாது. ராத்திரி பேக்கப் ஃபெயில்னு மெயில் வந்து, ஸ்டோரேஜ்ல ஃபைல தேடி அது இல்லன்னு பாத்தப்ப எனக்கு கை நடுங்கிருச்சு. யாரும் 101ஐ ஷட்டவுன் பண்ணிடக் கூடாதுன்னு எல்லாருக்கும் போன் போட்டு சொன்னேன், ஓடுற விஎம்லயே புதுசா ஒரு டிஸ்க்க ஹாட்ப்ளக் பண்ணேன் (நிறுத்தாமலே மாட்டினேன்), சர்வீஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டு உள்ளேர்ந்தே ஆர்சிங்க்ங்கற காப்பி கமாண்ட் போட்டு எடுத்தேன். காலைல நாலு மணிக்கு முடிஞ்சிது, ஒரு ஃபைல் கூட போகல. அன்னைக்கு பதட்டத்துல ஒரு ஷட்டவுன் குடுத்திருந்தா எல்லாம் போயிருக்கும். அதுலேர்ந்து கான்ஃபிக் ஃபைல்ல கை வைக்கிறதே இல்ல, ரீஅசைன் மட்டும்தான்.

அடுத்தது பழைய விஎம் பக்கம். டேட்டா டிஸ்க்க கழட்டிட்டு எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்க மவுண்ட் பண்ணணும்ங்கற லிஸ்ட்) அந்த வரிய எடுக்க மறந்துட்டா அடுத்த ரீபூட்ல ஒன்றரை நிமிஷம் அந்த டிஸ்க்குக்காக காத்திருந்து எமர்ஜென்சி மோட்ல, அதாவது முழுசா பூட் ஆகாம ரிப்பேருக்கான நிலையில, போய் நின்னுடும். டெபியன் லினக்ஸ்ல ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு வைக்காம விட்டிருந்தா கன்சோல்லயும் உள்ள விடாது. எனக்கு இப்படி ஆச்சு. சரி, அதோட ஓஎஸ் டிஸ்க்க இன்னொரு விஎம்ல மாட்டி எஃப்எஸ்டேப்ப திருத்தலாம்னு மாட்டி பூட் பண்ணா, அந்த விஎம்மும் அதே எமர்ஜென்சி மோட்ல நிக்குது. ரொம்ப நேரம் புரியல. ரெண்டும் ஒரே டெம்ப்ளேட்லேர்ந்து க்ளோன் பண்ணது, ரெண்டு டிஸ்க்குக்கும் யூயூஐடி (டிஸ்க்க அடையாளம் காட்டுற நம்பர்), லேபிள் ரெண்டுமே ஒண்ணு, அதனால பூட் ஆகும்போது மாட்டி விட்ட கெட்ட டிஸ்க்கையே தன்னோட ரூட்டு, அதாவது ஓஎஸ் டிஸ்க்குன்னு எடுத்துக்கிச்சு. உதவிக்கு எடுக்குற விஎம்ம முதல்ல பூட் பண்ணிட்டு, அப்புறம்தான் டிஸ்க்க ஹாட்ப்ளக் பண்ணணும், டிவைஸ் பேர் சொல்லி மவுண்ட் பண்ணணும். டிஸ்க்ல இருக்குற ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்ஸா இருந்தா, ஒரே யூயூஐடி ரெண்டு இருந்தா மவுண்ட் ஆகாது, நோயூயூஐடி ஆப்ஷன் போடணும். உண்மைய சொன்னா இந்த மாதிரி ரிப்பேருக்கு டிஸ்க்க நகத்தவே வேண்டாம், லைவ் ஐஎஸ்ஓல (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஓஎஸ்) பூட் பண்ணி திருத்துறதுதான் சுலபம், இப்ப நான் அதத்தான் பண்றேன்.

எல்லாத்தையும் விட அதிகமா படுத்தினது டேட்டாபேஸ் டிஸ்க்தான். உபுண்டு 18.04 விஎம்லேர்ந்து 22.04 விஎம்க்கு மாத்தினேன், ரெண்டுலயும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரஸ் 14. யூசர் ஐடி நம்பர் மாறியிருந்துச்சு, ஃபைலோட ஓனர மாத்துற சவுன் கமாண்ட் போட்டு சரி பண்ணேன், டேட்டாபேஸ் நல்லா ஸ்டார்ட் ஆச்சு, லாக்ல ஒரு எரர் இல்ல. மூணு நாள் கழிச்சு பில்லிங்ல இருக்குற அக்கா வந்து, இந்த பில் நம்பர போட்டா வரமாட்டேங்குது, ஆனா லிஸ்ட்ல கீழ இறங்கி பாத்தா இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் பாத்தா ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை ஏறியிருக்கு, ஒரே நம்பர் ரெண்டு தடவை ஏறாம தடுக்குற யூனிக் இண்டெக்ஸ் இருந்தும்.

காரணம் ஜிலிப்சி, லினக்ஸோட அடிப்படை லைப்ரரி. எழுத்துகள எந்த வரிசைல அடுக்கணும்ங்கற விதி 2018ல வந்த ஜிலிப்சி 2.28ல பெருசா மாறிடுச்சு. 18.04ல இருக்குறது 2.27, 22.04ல இருக்குறது 2.35. ஒரு சின்ன சோதனை இருக்கு, 1-1, 11 இந்த ரெண்டையும் இங்கிலீஷ் லோகேல்ல (மொழி செட்டிங்) சார்ட் பண்ணா பழசுல 11 முதல்ல வரும், புதுசுல 1-1 முதல்ல வரும். எங்க பில் நம்பர் எல்லாமே நடுவுல கோடு போட்டதுதான். இண்டெக்ஸ் பழைய வரிசைல டிஸ்க்ல எழுதி இருக்கு, புது விஎம் புது வரிசைல தேடுது, அப்ப எப்படி கிடைக்கும். டூப்ளிகேட்ட ஒவ்வொண்ணா உக்காந்து சரி பண்ணிட்டு முழு டேட்டாபேஸையும் ரீஇண்டெக்ஸ் பண்ணோம், அதாவது இண்டெக்ஸ புதுசா கட்டினோம். போஸ்ட்கிரஸ் 15லேர்ந்து இந்த வெர்ஷன் வித்தியாசத்துக்கு கனெக்ட் பண்ணும்போதே வார்னிங் வருது, 14ல டேட்டாபேஸோட டீஃபால்ட் கொலேஷனுக்கு (அடுக்குற விதி) அது கிடையாது. டேட்டாபேஸா இருந்தா, அதுவும் ஓஎஸ் வெர்ஷன் மாறுதுன்னா, இப்ப நான் டிஸ்க்க மாத்துறதே இல்ல. டம்ப் (டேட்டா மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் பண்ண ஃபைல்) எடுத்து ரீஸ்டோர் பண்றேன், நேரம் ஆனா ஆகட்டும். ஃபைல் சர்வர், மெயில், ஃபோட்டோ இதுக்கெல்லாம் டிஸ்க்க மாத்துறது அருமையா ஓடுது.

பேக்கப்பும் கவனிங்க. டிஸ்க் 101க்கு போயிட்டாலும் அதோட பழைய பேக்கப் எல்லாம் 100 கீழதான் இருக்கும். போன மாசத்து ஃபைல் வேணும்னு யாராவது கேட்டா அங்கதான் தேடணும், அதனால 100ஐ அழிச்சாலும் அதோட பேக்கப்ப மூணு மாசம் தொட மாட்டேன். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் வச்சிருந்தா மாத்தின பிறகு வர முதல் பேக்கப் அந்த டிஸ்க் முழுசையும் படிக்கும், ரொம்ப நேரம் ஓடும், பயப்படாதீங்க. பேக்கப்ப சேமிக்கிற இடம் அதே டேட்டாஸ்டோர்னா, துண்டு துண்டா சேமிச்ச பழைய துண்டுகள் அங்கயே இருக்குறதால இடம் பெருசா ஏறாது. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாத்திட்டு அந்த பேக்கப்ப கையாலயே ஓட்டிடுவேன், சனிக்கிழமை காலைல அது பச்சையா முடிஞ்சிருக்கான்னு பாத்துட்டுதான் பழைய விஎம்ம அழிக்கிறேன்.