50 பென்ஸ் கையேடு: ‘புரொட்டெக்ட் அண்ட் சர்வைவ்’ மறுபதிப்பு

அணுகுண்டுத் தாக்குதல் நேர்ந்தால் வீட்டையும் குடும்பத்தையும் காத்துக்கொள்வது எப்படி என்று பொதுமக்களுக்குக் கற்பிக்க, 1980 மே மாதத்தில் பிரித்தானிய அரசு 50 பென்ஸ் விலையில் விற்பனைக்கு விட்ட ‘புரொட்டெக்ட் அண்ட் சர்வைவ்’ என்னும் சிறு கையேடு இப்போது மறுபதிப்பாகக் கிடைக்கிறது. கடையில் வாங்கும் எந்தப் பொருளிடமும் கேட்கும் கேள்வியையே இதனிடமும் கேட்கலாம்: சொன்ன வேலையை இது செய்யுமா? செய்யாது. ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் அணு ஆயுதம் குறித்து நடந்த விவாதத்தை அறிய விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்று சொல்வேன்.

தயாரிப்பில் குறையே இல்லை. சொற்கள் எளியவை, கோட்டுப்படங்கள் தெளிவானவை. வாஷிங் மெஷினுடன் வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் போல எங்கும் பதற்றமில்லாத ஒரு குரல் பேசிக்கொண்டே போகிறது. குண்டு விழுந்தபின் பரவும் கதிர்வீச்சிலிருந்து ஒதுங்க, வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவர்களுக்குத் தள்ளியிருக்கும் ஓர் அறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பிற அறைகளின் கதவுகளைக் கழற்றி வந்து உட்சுவரில் சாய்த்து வைத்து, அவை சறுக்காதிருக்கத் தரையில் ஒரு மரச்சட்டத்தை அடித்து, அவற்றின்மேல் மண் நிரப்பிய பெட்டிகளையோ புத்தகங்களையோ துணிகளையோ அடுக்க வேண்டும். வெப்ப ஒளியைத் திருப்பியனுப்ப ஜன்னல் கண்ணாடிகளின் உட்புறத்தில் வெளிர்நிற எமல்ஷன் பெயின்டைத் தண்ணீர் கலந்து பூச வேண்டும். 14 நாளைக்கான உணவு, தண்ணீர், உபரி பேட்டரிகளுடன் ஒரு ரேடியோ, டின் ஓப்பனர், பிள்ளைகளுக்குப் பொம்மைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. நாற்காலியின் இருக்கையை எடுத்துவிட்டு அடியில் வாளியை வைத்தால் கழிப்பிடம் ஆயிற்று. உள்ளே இருக்கும்போது ஒருவர் இறந்துவிட்டால் உடலை வேறோர் அறைக்கு மாற்றி, மூடி, அடையாளக் குறிப்பு ஒன்றைக் கட்டி வைக்க வேண்டும். பெயின்டைப் பற்றிப் பேசிய அதே தொனியில் இதையும் சொல்லிவிட்டு நகர்கிறது கையேடு.

எல்லாரிடமும் இப்படி ஓர் உள்ளறை இருக்கிறதா என்ற இடத்தில்தான் கையேடு முதலில் தடுமாறுகிறது. ஐந்து அடுக்கும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளில் மேல் இரண்டு தளங்களில் ஒதுங்க வேண்டாம் என்றும், வேறிடத்துக்கு வீட்டு உரிமையாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் அறிவுரை கிடைக்கிறது. வீட்டைவிட்டு வேறு ஊருக்குப் போனாலோ, உள்ளூர் நிர்வாகம் தங்க இடம் தராது. தோட்டத்தில் மண்ணும் அலமாரியில் புத்தகமும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இத்தனைக்கும் உண்மை அரசுக்குத் தெரியாததன்று. டங்கன் சான்டிஸ் பாதுகாப்பு அமைச்சராக 1957-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அணு ஆயுதத் தாக்குதலின் விளைவுகளிலிருந்து நாட்டு மக்களுக்குப் போதிய பாதுகாப்பு அளிக்க அப்போது எந்த வழியும் இல்லை என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் 1980-இல் ஏன் இந்தக் கையேடு? உண்மையில் இது நெருக்கடிக் காலத்தில் மட்டும் வீடுவீடாக வழங்குவதற்கென்று தயாரிக்கப்பட்டது. பத்திரிகைகள் விஷயத்தை வெளியே கொண்டுவந்து, அழுத்தம் மிகுந்த பிறகே கடைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1979 டிசம்பரில், அணுகுண்டு ஏந்தும் அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவில் நிறுத்த நேட்டோ முடிவெடுத்திருந்தது. ஆக்ஸ்போர்டின் போர் வரலாற்றுப் பேராசிரியர் மைக்கேல் ஹோவர்ட், மக்களைக் காக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் நம் அணு ஆயுத மிரட்டலை எதிரி நம்பமாட்டான் என்ற பொருளில் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு மறுப்பாக, கையேட்டின் தலைப்பையே திருப்பிப்போட்டு, ‘புரொட்டெஸ்ட் அண்ட் சர்வைவ்’ என்ற துண்டுப்பிரசுரத்தை வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் வெளியிட்டார்.

இந்த இடத்தில்தான் கையேட்டின் உண்மையான மதிப்பு இருக்கிறது. அணுகுண்டை வைத்திருப்பதே அது விழாமல் இருப்பதற்குத்தான் என்று அரசுகள் அதுவரை சொல்லிவந்தன. அந்த வாதத்துக்கு, விழுந்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் நுணுகிப் பார்க்காமல் இருப்பது வசதி. கையேடோ ஒவ்வொரு குடும்பத்தையும் தன் வீட்டுக்குள்ளேயே நிறுத்தி, எந்தக் கதவைக் கழற்றுவது, பிணத்தை எந்த அறையில் வைப்பது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னது. மேடைப் பேச்சாளர்கள் பல ஆண்டு பேசியும் முடியாததை அரசே தன் செலவில் செய்துகொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சோர்ந்து கிடந்த அணு ஆயுதக் களைவு இயக்கமான சி.என்.டி. 1980 அக்டோபரில் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தை நிரப்பியது. நவம்பரில் மான்செஸ்டர் மாநகராட்சி தன்னை அணு ஆயுதமற்ற நகரமாக அறிவித்தது; பல நிர்வாகங்கள் பின்தொடர்ந்தன. 1982-இல் நடக்கவிருந்த ‘ஹார்ட் ராக்’ என்னும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை, போதிய உள்ளாட்சிகள் ஒத்துழைக்க மறுத்ததால் கைவிடப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் கையேடு மட்டுமே காரணமன்று. குரூஸ் ஏவுகணையும், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் டிரைடென்ட் அணு ஏவுகணையும் இல்லாமல் இது ஒரு கேலிப்பொருளாக முடிந்திருக்கலாம்.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1957-இல் லேபர் கட்சியின் பிரைட்டன் மாநாட்டில் அக்கட்சியின் இடதுசாரித் தலைவர் அனைரின் பெவன், பிரித்தானியா மட்டும் தன் அணு ஆயுதத்தைக் கைவிடும் ஒருதலையான ஆயுதக் களைவை எதிர்த்துத் தம் ஆதரவாளர்களையே அதிரவைத்தது, 1958 ஈஸ்டரில் லண்டனிலிருந்து அணு ஆயுத ஆய்வு நிலையம் இருந்த ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்த பேரணி, 1960-இல் ஸ்கார்பரோ மாநாட்டில் ஒருதலைக் களைவை ஏற்ற தீர்மானத்திடம் தோற்ற லேபர் கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல் மறு ஆண்டே கட்சியின் அந்த முடிவை மாற்றியது ஆகியவற்றை எதிர்பார்த்து இதைப் பிரித்தால் ஏமாற்றமே மிஞ்சும். அரசியல் என்று ஒரு வரி இதில் கிடையாது. யார் குண்டு போடுவார்கள், ஏன் போடுவார்கள் என்பதைக்கூடச் சொல்லவில்லை. ஆகவே தாம்சனின் பிரசுரத்தையும் சேர்த்தே வாங்குங்கள். முதலில் கையேட்டை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, அதே நாளில் அதற்கான மறுப்பைத் தொடங்குவது நல்லது.