எஃப்2எஃப்எஸ் கம்ப்ரஷன்: டெஸ்ட்டுக்கு முன் கேட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்ட், நீண்டநாள் அனுபவம்

மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கடல்பாசி வளர்ப்பவர்களுக்காக நீரின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சின்னச் சின்ன போர்டுகளைப் பராமரிக்கிறேன். எல்லாவற்றிலும் எஸ்டி கார்டு, அதில் எஃப்2எஃப்எஸ் (ஃபிளாஷ் மெமரிக்கான லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்). அந்த உப்புக்காற்றில் பெட்டியை அடிக்கடி திறப்பது நல்லதல்ல. கார்டில் எழுதும் அளவு குறைந்தால் அது கூடுதல் நாள் உழைக்கும் என்பதற்காகவே கம்ப்ரஷன், அதாவது டேட்டாவைச் சுருக்கி எழுதும் வசதி, போட்டோம். இடம் மிச்சமாகும் என்று நம்பிப் போடாதீர்கள். மிச்சமான இடத்தை எஃப்2எஃப்எஸ் தானாகத் திருப்பித் தராது, நாம் தனியாக ரிலீஸ் செய்ய வேண்டும்.

2020-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 5.6 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் கெர்னலை பில்ட் செய்பவர் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். எல்இசட்4, இசட்எஸ்டிடி போன்ற சுருக்கும் அல்காரிதங்களையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கம்ப்ரஷன் இல்லாத கெர்னலிடம் அந்த ஆப்ஷனோடு கார்டை மவுண்ட் செய்ய (சிஸ்டத்தோடு இணைக்க) சொன்னால் அது மறுப்பதில்லை. 'கம்ப்ரஷன் ஆப்ஷன்களுக்கு ஆதரவில்லை' என்று கெர்னல் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மவுண்ட் செய்துவிடும். ஃபைல் எழுதும், படிக்கும், டெஸ்ட்டும் பச்சை காட்டும். கம்ப்ரஷன் மட்டும் நடந்திருக்காது.

அதனால் டெஸ்ட்டுக்கு முன், கம்ப்ரஷனுக்கு ஆதரவு இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் மூன்று இடத்தில் கேட்கிறது. சிஸ்எஃப்எஸ்-இல் (கெர்னல் தன் விவரங்களைக் காட்டும் இடம்) எஃப்2எஃப்எஸ் ஃபீச்சர் பட்டியலில் கம்ப்ரஷன் இருக்கிறதா? ஃபார்மேட் செய்தபோது அந்த ஃபீச்சர் போடப்பட்டதா? மவுண்ட் ஆன பிறகு, மவுண்ட் பட்டியலில் நாம் கேட்ட அல்காரிதம் தெரிகிறதா? மூன்றில் எனக்கு அதிகம் உதவியது கடைசிக் கேள்விதான். கெர்னல் கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தால் போதாதா என்றால், அந்த ஃபைல் எல்லா போர்டிலும் இருப்பதில்லை.

ஆதரவு இல்லையென்றால் டெஸ்ட் 'ஓடவில்லை' என்று காரணத்தோடு நின்றுவிட வேண்டும் (ஸ்கிப்) என்பது பொது வழக்கம். ஃபைல் சிஸ்டங்களைச் சோதிக்கும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பிலும் அப்படித்தான், பல வகை மெஷின்களில் ஓடும் பொதுத் தொகுப்புக்கு அது சரி. கடற்கரையில் வைக்கப்போகும் போர்டுக்கு நான் அதை ஏற்பதில்லை. ஒரு விற்பனையாளர் தந்த கெர்னல் அப்டேட்டில் கம்ப்ரஷனே காணாமல் போயிருந்தது. டெஸ்ட்டுகள் ஸ்கிப் ஆகி, மொத்தப் பலன் பச்சையாகவே வந்தது. அப்போது முதல், கம்ப்ரஷன் இருந்தே ஆக வேண்டிய போர்டுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதிலுள்ள போர்டில் ஸ்கிப் ஆனால் அது ஃபெயில்தான், போர்டில் ஏற்றும் சாஃப்ட்வேர் இமேஜ் வெளியே போகாது.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சோதனை நொடியில் முடிகிறது. ஆனால் ஆதரவு இருக்கிறது என்பதாலேயே ஃபைல் சுருங்கியது என்றாகிவிடாது. எஃப்2எஃப்எஸ் ஃபைலைக் கிளஸ்டர் என்ற துண்டுகளாகச் சுருக்கும்; வழக்கமாக ஒரு கிளஸ்டர் என்பது 16 கேபி. அதைச் சுருக்கி லாபமில்லையென்றால் அப்படியே எழுதிவிடும். ஜேபெக் படங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. எனவே டெஸ்ட்டில் ரேண்டம் டேட்டா வேண்டாம். வெப்பநிலை லாக் போன்ற வரிகளையே எழுதுங்கள். அப்புறம் எஃப்2எஃப்எஸ்-ஐஓ என்ற கமாண்ட் கருவியில் எத்தனை பிளாக் மிச்சமானது என்று கேளுங்கள். பூஜ்யம் வந்தால் மவுண்ட் ஆப்ஷனிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.