வகுப்பில் பேசாத பிள்ளைகள் பதிவில் பேசினார்கள்: தமிழ் வகுப்பில் குரல்பதிவு, என் அனுபவம்

2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுவதுமாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அன்று என் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்.எல்.எஸ்.ஸில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். சன்னலைத் திறந்து பாருங்கள், தெரிவதைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அவ்வளவுதான். ஓராண்டுக்கு மேலாக "ஆமாம் டீச்சர்", "தெரியல டீச்சர்" என்ற இரண்டைத் தவிர வாய் திறக்காத ஒரு பையன் மூன்று நிமிடம் பேசியிருந்தான். கீழ்த்தளக் காப்பிக்கடையில் "நாற்காலியெல்லாம் அடுக்கிக் கட்டி வச்சிருக்காங்க" என்றான். எத்தனை இயல்பான தமிழ்! இது அவனுக்குள் இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அன்று பிடித்த குரல்பதிவை இன்றுவரை விடவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். பல பிள்ளைகளுக்குத் தமிழ் பேசக் கிடைக்கும் ஒரே இடம் தமிழ் வகுப்புதான். 22 பேர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் கிடைத்துவிடும்? பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பில்தான் கற்றல் நடக்கிறது என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. பயிற்சிக் கல்லூரியில் படித்தேன், தேர்விலும் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பரப்பு எங்கே தொடங்குகிறது என்று காதால் கேட்டு அறிந்தது பதிவுகள் வந்த பிறகுதான்.

2021இல் ஒரு தவறு செய்தேன். 1976இல் உட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் சிறு பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டுவதை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான், கற்பவருக்குத் தற்காலிகத் துணை தரும் ‘சாரம் கட்டுதல்’ என்ற கருத்து கற்பித்தலில் பரவியது. கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டும், எழும்பியதும் பிரித்துவிட வேண்டும். நான் கட்டினேன், பிரிக்கவில்லை. "இக்காணொளியில் நான் காண்பது", "என் கருத்துப்படி", "இதற்குக் காரணம்" என்று வாய்மொழித் தேர்வுக்கான தொடக்கங்களை ஆண்டு முழுக்கத் திரையில் வைத்திருந்தேன். ஆண்டு இறுதியில் 22 பதிவுகளையும் கேட்டபோது ஒரே பிள்ளை 22 முறை பேசியதுபோல் இருந்தது. வருத்தமாக இருந்தது.

அடுத்த ஆண்டு முதல் தவணையில் நான்கு தொடக்கங்கள் கொடுத்தேன், இரண்டாம் தவணையில் இரண்டு, மூன்றாம் தவணையில் வெறும் படம் மட்டும். முதலில் பேச்சு தடுமாறியது, இடைவெளிகள் நீண்டன. பிறகு ஒரு மாணவி, "எனக்கு இந்தப் படம் புடிக்கல டீச்சர், ஏன்னா..." என்று தொடங்கினாள். அவளுடைய சொந்தக் கருத்தை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று 2005 சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடத்திட்ட மீள்பார்வை சொன்னதன் பொருளும் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அடுத்து நிலைத்தது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சி. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். என் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் ஐந்து கேள்விகள்: போன வாரத்து மரபுத்தொடர் இரண்டு, போன மாதத்தது மூன்று. மதிப்பெண் கிடையாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் சரியாகச் செய்தார்கள். விடையைத் தாங்களே தட்டச்சு செய்யச் சொன்னதும்தான் யாருக்கு உண்மையில் நினைவிருக்கிறது என்று தெரிந்தது.

தட்டச்சு என்றதும் விசைப்பலகை. ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தட்டினால் தொடக்கம் எளிது. ஆனால் மனம் ஒவ்வொரு சொல்லையும் ரோமன் எழுத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது. சிந்திக்கச் செலவாக வேண்டிய கவனம் அதில் போகிறது. மனம் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் சுமக்க முடியும் என்று உளவியலாளர் ஸ்வெல்லர் 1988இல் எழுதிய அறிவுச்சுமைக் கருத்தை என் கண்ணெதிரே பார்த்தேன். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையில் இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். க விசையையும் ஆ விசையையும் தட்டினால் கா. உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்பது விரலுக்கே புரிகிறது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் திணறுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலை ஒன்றிலேயே தொடங்கிவிடுங்கள்.

முந்திச் சொல்பவருக்குப் புள்ளி தரும் போட்டி விளையாட்டுகளை ஓராண்டில் விட்டுவிட்டேன். வேகமான நால்வர் மட்டுமே சிரித்தார்கள்.

பதிவுகளைக் கேட்க நேரம் வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வகுப்புகளுக்கு வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வடகிழக்குப் பாதை ரயிலில் புங்கோலிலிருந்து வரும்போது பாதியைக் கேட்டுவிடுவேன். பேச்சை எழுத்தாக மாற்றும் ஒரு செயலியை முயன்று பார்த்தேன். ‘வச்சிருக்காங்க’ போன்ற வடிவங்களையெல்லாம் அது பிழை என்று கோடிட்டுக் காட்டியதால் நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொருவருக்கும் 20 விநாடி குரலிலேயே பதில் அனுப்புகிறேன். எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பலர் திறக்கவே இல்லை, குரலை மட்டும் திரும்பக் கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் தேக்கா சந்தைக்குப் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ‘வாலப்பலம்’ என்றதும் பின்னாலிருந்து அவன் பாட்டியின் குரல்: "நாக்க மடிச்சுச் சொல்லுய்யா, வாழப்பழம்." மூன்று முறை சொல்ல வைத்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது, இருவரும் சிரித்தார்கள், பதிவு அங்கே முடிந்தது. அதிலிருந்து மாதம் ஒரு பதிவை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்யச் சொல்கிறேன். வீட்டில் தமிழ் பேசுபவர் இல்லாத பிள்ளைகளுக்கு உயர்நிலை நான்கு மாணவர் ஒருவர் துணை. இந்தத் தவணையில் அப்படி ஆறு இணைகள் இருக்கின்றன.