6.7 அங்குலப் போனுடன் ஒன்றரை வருடம்

எனக்கு வெள்ளெழுத்து வந்த வருடம்தான் இந்தப் போனை வாங்கினேன். வயது 46, வேலை மெய்ப்புப் பார்ப்பது. பகல் முழுக்கக் கணினியில் ஒற்றும் சந்தியும் பார்த்த கண், சாயங்காலம் போனில் வரும் நாலு வரிச் செய்தியைப் படிக்கத் திணறியது. பழைய போன் 5.5 அங்குலம். ஆறு வருடம் உழைத்தது. திரை பெரிதானால் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று நம்பி 6.7 அங்குலத்துக்கு மாறினேன்.

பெட்டியைப் பிரித்த அன்றே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒரே செய்தியை இரண்டிலும் திறந்து பார்த்தால் எழுத்து ஒரே அளவில் இருந்தது, ஒரு வரியில் வரும் சொற்களும் அதே கணக்குத்தான். ஸ்கேலை எடுத்து அளந்தேன். பழைய திரையின் அகலம் 68.5 மில்லிமீட்டர், புதியது 70-க்கு ஒரு முடி குறைவு. கூடுதலாக வந்த 1.2 அங்குலம் எங்கே போயிற்று என்று பார்த்தால், எல்லாம் உயரத்துக்குப் போயிருந்தது. 122 மி.மீ. இருந்த உயரம் 155 ஆகியிருந்தது. திரையை மூலைக்கு மூலை அளந்து ஓர் எண்ணாகச் சொல்வதால் இது வெளியே தெரிவதில்லை. முன்பு திரைகள் 16:9 விகிதத்தில் வந்தன, என்னுடையது 20:9. போன் பெருத்ததைவிட நெடுநெடுவென்று வளர்ந்ததுதான் அதிகம்.

ஆகவே எழுத்தை நாமேதான் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்று எழுத்தை மட்டும் பெரிதாக்கும். மற்றது பொத்தான், படம், கட்டம் என்று திரையில் உள்ள அத்தனையையும் சேர்த்துப் பெரிதாக்கும். நான் முதலாவதை இரண்டு படி கூட்டிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டேன். அம்மாவின் போனில் யாரோ இரண்டையும் கடைசிவரை தள்ளி வைத்திருந்தார்கள். ‘சரி’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. “இதுல எதை அமுக்கறதுன்னே தெரியலைம்மா” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவதைப் பழையபடி வைத்ததும் பொத்தான் திரும்பி வந்தது.

எழுத்தைக் கூட்டியபிறகுதான் அந்த உயரத்தின் அருமை தெரிந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே பெரிய எழுத்தில் பாதி வரிக்குமேல் பிடித்துக்கொள்ளும். பழைய போனில் இந்த அளவு வைத்தபோது ஒரு பத்தியைப் படிப்பதற்குள் மூன்று முறை தள்ள வேண்டியிருந்தது. இதில் ஒரு முழுப் பத்தி கண்முன் நிற்கிறது. தட்டச்சு செய்யும்போது வித்தியாசம் இன்னும் அதிகம். விசைப்பலகை கீழே ஏறத்தாழ 60 மி.மீ. அடைத்துக்கொள்கிறது. பழையதில் மிஞ்சியது 62 மி.மீ., அதிலும் தலைப்புப் பட்டைக்கு ஒரு பங்கு போய்விடும். இப்போது 95 மிஞ்சுகிறது. முந்தைய வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை எழுத முடிகிறது. என் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விசைகள்? நான் தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் பழகியவள். மேல்வரிசையில் மட்டும் 12 விசைகள். ஆங்கிலத்துக்கு 10 போதும். 70 மி.மீ. அகலத்தில் 12 என்றால் ஒன்றுக்கு 6 மி.மீ.கூடக் கிடைக்காது. ‘ன’ அடிக்கப் போனால் பக்கத்தில் இருக்கும் ‘ற’ விழுந்து ‘அவன்’ ‘அவற்’ ஆகிறது. பழைய போனிலும் இதே பிழைதான். அகலம் கூடவில்லையே, எப்படிக் குறையும்?

இந்தப் போனை நான் மிகவும் விரும்புவது அதைப் படுக்கவைத்துப் பிடிக்கும்போதுதான். மெய்ப்பு எனக்குப் பெரும்பாலும் ஏ4 தாளில் அமைந்த பிடிஎஃப் கோப்பாக வரும். தாளின் அகலம் 210 மி.மீ. போனை நிமிர்த்திப் பிடித்தால் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் ‘பாயிண்ட்’) எழுத்து 4 புள்ளியாகிவிட்டால் யார் கண்ணுக்கும் ஆகாது. படுக்கவைத்தால் 155 மி.மீ. கிடைக்கிறது, எழுத்து கிட்டத்தட்ட 9 புள்ளியில் நிற்கிறது. பழைய போனில் இதே கோப்பு 7 புள்ளியில் நின்றது. 9-க்கும் 7-க்கும் நடுவில்தான் ‘ர’வின் காலும் துணைக்காலும் பிரிந்து தெரிகின்றன. போனை மேசையில் ஒரு தாங்கியில் சாய்த்து, அவசரத்துக்கு எட்டுப் பக்கம்வரை இதிலேயே பார்த்து அனுப்பியிருக்கிறேன். கணினிக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். வெளியே இருக்கும்போது கை கொடுக்கிறது.

வீடியோ பார்க்கப் பெரிய திரை வேண்டும் என்பவர்கள் இதைக் கவனியுங்கள். இன்றும் ஏராளமான வீடியோக்கள் 16:9-இல்தான் இருக்கின்றன. 20:9 திரையில் அவை இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் நிற்கும். கணக்குப் போட்டால் படத்தின் உண்மையான அளவு 5.6 அங்குலம். பழைய போனில் 5.5. திரை முழுக்க இழுத்து நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும்.

சரி, ஒரு கையால் பிடிப்பதற்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. பேருந்தில் இடது கை கம்பியைப் பிடித்திருக்கும், வலது கையில் போன். கட்டைவிரல் திரையின் கீழ்ப்பாதியில் தாராளமாக உலவும், மேல் மூலைக்கு எட்டாது. தேடல் பெட்டி, மூன்று கோட்டுப் பட்டி, ‘சேமி’ எல்லாவற்றையும் பல செயலிகள் இன்னமும் மேலேயே வைத்திருக்கின்றன. எட்டுவதற்காகப் போனைச் சுண்டுவிரலில் தாங்கி, பிடியை மேலே நகர்த்தும் அந்த ஒரு நொடியில்தான் நழுவும். எனக்கு இரண்டு முறை நழுவியது. இரண்டாவது முறை மாடிப்படியில், திரைக் கண்ணாடியின் மூலை விரிசல் விட்டது. உறையோடு நிறுத்துப் பார்த்தேன், 248 கிராம். 2007-இல் வந்த முதல் ஐஃபோன் 3.5 அங்குலம், 135 கிராம். இரவில் மல்லாந்து படித்தால் அரைமணியில் கட்டைவிரலின் அடி வலிக்கிறது.

விரல் எட்டாது என்பது செய்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2011-இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்தது. அன்று அது ராட்சத அளவு. இன்று அவ்வளவு சிறியது தேடினாலும் கிடைப்பது அரிது. 2014-இல் 5.5 அங்குல ஐஃபோன் 6 பிளஸ் வந்தபோதே, முகப்புப் பொத்தானை இருமுறை தொட்டால் திரையின் மேல்பகுதி கீழே இறங்கிவரும் வசதியும் கூடவே வந்தது. ஆண்ட்ராய்டு 12-இல், 2021-இல், அதுபோல ஒன்று சேர்ந்தது. என் போனில் அது அணைந்தே இருந்தது. நான்கு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாளிலாவது சொல்லியிருக்கலாம். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் முந்தைய பக்கத்துக்குப் போகும் சைகையும் பெரிய உதவி. அதே 2021-இல் ஐஃபோனின் சஃபாரி உலாவி முகவரிப் பட்டையைத் திரையின் கீழே கொண்டுவந்தது, பயர்பாக்ஸ் உலாவியிலும் கீழே வைத்துக்கொள்ளலாம். எல்லாச் செயலிகளும் இப்படிச் செய்தால் என் மனக்குறையில் பாதி தீர்ந்துவிடும்.

மின்கலம் ஒரு நாள் தாராளமாக வருகிறது. சட்டைப் பையில் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குனிந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில், உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் ஒரு கையால் வேலை பார்ப்பவர்கள் திரையின் அங்குலத்தை விட்டுவிட்டு, போனின் அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று முதலில் கேளுங்கள்.

போன மாதம் தம்பி இதே போனை வாங்குவதாகச் சொன்னான். அவனுக்கு நாள் முழுக்க நடமாடும் வேலை. கெட்டி அட்டையில் போனின் அளவுக்கே 163-க்கு 76 மி.மீ. வெட்டி, எடைக்கு நாலு நாணயத்தைப் பின்னால் ஒட்டி, ஒரு நாள் பையில் வைத்துக்கொண்டு அவ்வப்போது எடுத்து மேல் மூலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலமே கூப்பிட்டான். “அக்கா, 6.1 அங்குலத்துல எது நல்லா இருக்கும்?”