பவுன்ஸ் ரேட்டைக் குறைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இணையத்தில் சின்னதாகக் கடை போட்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பவுன்ஸ் ரேட் என்பது, தளத்துக்கு வரும் வருகைகளில் நூற்றுக்கு எத்தனை எதிலும் ஈடுபடாமல் அப்படியே முடிந்துபோகின்றன என்று சொல்லும் எண். "உங்கள் தளத்தின் பவுன்ஸ் ரேட் ஆபத்தான அளவில் இருக்கிறது, நாற்பது சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து தருகிறோம், உத்தரவாதம்" என்று சிவப்பு அம்புக்குறி போட்ட பிடிஎஃப் ஒன்று உங்களுக்கும் வந்திருக்கலாம். எங்களுக்கு வந்தது. பணம் கட்டினோம். சொன்னபடி குறைத்தும் காட்டினார்கள். கூடுதலாக ஒரு ஜமுக்காளம் விற்கவில்லை. விளம்பரத்துக்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி கண்ட கண்ட இடத்துக்குப் போனதுதான் மிச்சம்.

நாங்கள் விற்பது பவானி ஜமுக்காளமும் சென்னிமலைப் போர்வையும். தளம் வேர்ட்பிரஸ்ஸில், கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் போட்டு ஓடுகிறது. ஆர்டரில் பாதி தளத்திலேயே வரும், மீதி வாட்ஸ்ஆப்பில் வரும்.

அந்தப் பிடிஎஃபில் எங்கள் தளத்தின் பவுன்ஸ் ரேட் என்று ஒரு எண் போட்டிருந்தது. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கருவி கூகுள் அனலிட்டிக்ஸ். அந்தக் கணக்கில் அனுமதி இல்லாத வெளியாள் யாராலும் அந்த எண்ணைப் பார்க்க முடியாது. வெளியில் இருந்து தளங்களைக் கணிக்கும் கருவிகள் சில உண்டு. அவை தருவது உத்தேசம். சின்னத் தளங்களுக்கு அந்த உத்தேசம் எங்கேயோ இருக்கும், உண்மை எங்கேயோ இருக்கும். பிடிஎஃபிலேயே இன்னொரு மிரட்டலும் இருந்தது: பவுன்ஸ் ரேட் கூடினால் கூகுள் உங்களைத் தேடலில் கீழே தள்ளிவிடும் என்று. தேடல் வரிசைக்கு அனலிட்டிக்ஸ் தரவை எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் தரப்பில் பலமுறை சொல்லிவிட்டார்கள். அனலிட்டிக்ஸே போடாத தளங்களும் தேடலில் வந்துகொண்டுதானே இருக்கின்றன.

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைத்தார்கள் என்பது புரியும். அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், தளத்துக்கு வந்தவர் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனால் அது பவுன்ஸ். பத்து நிமிடம் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டுப் போனாலும் பவுன்ஸ்தான். 2023 ஜூலை 1 முதல் அது தரவு சேகரிப்பதை நிறுத்திவிட்டது. இப்போதிருக்கும் பதிப்பான ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கணக்கு வேறு. ஒருவரின் வருகை 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களாவது பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்திருக்கும் ஒரு செயலைச் செய்தாலோ அது 'ஈடுபாடுள்ள வருகை'. மூன்றில் ஒன்று நடந்தால் போதும். மூன்றும் நடக்காத வருகைகள் நூற்றுக்கு எத்தனையோ அதுதான் பவுன்ஸ் ரேட். அந்த முக்கியச் செயலுக்கு அனலிட்டிக்ஸில் 'கீ ஈவென்ட்' என்று பெயர். 2024-க்கு முன்பு அதையே கன்வெர்ஷன் என்றார்கள்.

கீ ஈவென்ட் எது என்பதை முடிவு செய்வது கூகுள் இல்லை. கணக்கைக் கையில் வைத்திருப்பவர். எங்கள் கணக்கை அவர்கள் கையில் கொடுத்திருந்தோம்.

முதல் மாத அறிக்கை வண்ண வண்ணமாக வந்தது. எழுபதுக்கு மேலே இருந்த பவுன்ஸ் ரேட் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. அதே ஆட்கள், அதே அளவு. "கொஞ்சம் டைம் எடுக்கும் மேடம், ஆடியன்ஸ் வார்ம் ஆகணும்" என்றார் அந்த நிறுவனத்துப் பையன். பேச்சில் குறையே சொல்ல முடியாது.

கொழுந்தனார் மகள் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். நோம்பிக்கு ஊருக்கு வந்தவளிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். வரைபடத்தைப் பார்த்த உடனே சொன்னாள்: "இது கொறையலைங்க பெரியம்மா, கொறைச்சுக் காட்டியிருக்காங்க." கோடு படிப்படியாக இறங்கவில்லை. ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து, அதன் பிறகு தரையோடு தரையாகப் போனது. ஜனங்களுடைய பழக்கம் ஒரே ராத்திரியில் அப்படி மாறாது, அமைப்பில் யாரோ எதையோ மாற்றினால்தான் இப்படி வரும் என்றாள்.

நிர்வாகப் பகுதியில் மாற்றங்களின் வரலாறு என்று ஒன்று இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்பது அதில் வரிசையாக இருக்கும். கோடு விழுந்த அதே தேதியில் அவர்கள் மின்னஞ்சல் முகவரியில் இருந்து 'பேஜ் வியூ' என்ற நிகழ்வைக் கீ ஈவென்டாகக் குறித்திருந்தார்கள். அதாவது, பக்கம் திறந்தாலே அது முக்கியச் செயல். தளத்துக்குள் கால் வைத்தவர் அடுத்த விநாடியே ஓடிப்போனாலும் ஈடுபாடுள்ளவர். கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை எல்லாம் வாடிக்கையாளர் கணக்கில் எழுதிக்கொண்ட மாதிரி. இதற்கு இரண்டு மூன்று சொடுக்குதான் தேவை. அதற்குத்தான் மாதச் சம்பளம் மாதிரி வாங்கினார்கள்.

அதோடு விடவில்லை. வருகையை எண்ணும் அனலிட்டிக்ஸ் குறியீடு எங்கள் தளத்தில் ஏற்கெனவே ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை நிரல்) வழியாக இருந்தது. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் தலைப்பகுதிக் கோப்பில் இன்னொரு தடவையும் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் திறந்தால் இரண்டு பக்கம் பார்த்ததாகப் பதிவாகும். இரண்டு பக்கம் என்றாலே பவுன்ஸ் கிடையாது. இது வேண்டுமென்று செய்ததா, கவனக்குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கவனக்குறைவாகவும் பலர் தளத்தில் இப்படி இருக்கும். வருகைகளின் எண்ணிக்கை மாறாமல், பார்த்த பக்கங்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு நாளில் இருந்து சரியாக இரட்டிப்பாகியிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இதைவிடக் கோபம் வந்தது 'பேக்' பொத்தானில் செய்த வேலையைப் பார்த்து. சேலத்தில் இருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க சைட்டுக்குள்ள போனா வெளிய வர உடமாட்டீங்குதே" என்றார். என்னவென்று பார்த்தால், பின்னால் போகிற பொத்தானை அழுத்தினால் கூகுளுக்குப் போகாமல் எங்கள் தளத்தின் 'சலுகைகள்' பக்கம் வருகிறது. மறுபடி அழுத்தினால் இன்னொரு பக்கம். பிரவுசரின் வரலாற்றில் போலியாக ஒரு பக்கத்தைச் செருகி வைத்தால் இப்படிச் செய்யலாமாம். முகவரி மாறினால் ஜிஏ4 அதையும் பக்கம் பார்த்ததாகவே எண்ணிக்கொள்ளும், அந்த வசதி அதில் முன்கூட்டியே இயங்கும் நிலையில்தான் இருக்கிறது. ஆக, ஓடிப்போக நினைத்தவர் போக முடியாமல் திணறியது அறிக்கையில் ஈடுபாடாக ஏறியது. போதாததற்குச் செல்போன் திரை முழுக்க மறைக்கிற ஒரு அதிர்ஷ்டச் சக்கரம் வேறு. தேடலில் இருந்து செல்போனில் வருகிறவருக்குப் பக்கத்தை மறைத்துக் காட்டும் இத்தகைய திரைகளைக் கூகுள் 2017 ஜனவரியில் இருந்தே குறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தேடலில் மேலே ஏற்றுகிறோம் என்று வந்தவர்கள் செய்த வேலை இது.

இவ்வளவும் எண் விளையாட்டு என்று விட்டுவிடலாம். பணம் போனது விளம்பரத்தில்.

கூகுள் விளம்பரக் கணக்கை அனலிட்டிக்ஸோடு இணைத்து, அதே பேஜ் வியூவைக் கன்வெர்ஷனாக அங்கேயும் கொண்டுபோயிருந்தார்கள். அறிக்கையில் கன்வெர்ஷன் மளமளவென்று ஏறுவதற்காக. விளம்பரம் 'கன்வெர்ஷனை அதிகமாக்கு' என்ற தானியங்கி முறையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை நாம் எதைக் கன்வெர்ஷன் என்று சொல்கிறோமோ அதையே தேடிப் போகும். ஜமுக்காளம் வாங்குவது கன்வெர்ஷன் என்றால் வாங்குகிற மாதிரி ஆட்களைத் தேடும். பக்கம் திறப்பதே கன்வெர்ஷன் என்றால், குறைந்த காசுக்கு யார் பக்கத்தைத் திறப்பார்களோ அவர்களைத் தேடும். விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்ற பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் செல்போன் விளையாட்டுச் செயலிகள். குழந்தைகள் விளையாடும்போது கை தவறிப் பட்ட சொடுக்குகளுக்கு நாங்கள் காசு கட்டியிருக்கிறோம். இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்னதை ஒழுங்காகச் செய்தது.

கேட்டோம். "அக்ரிமெண்ட்ல பவுன்ஸ் ரேட் நாற்பதுக்குக் கீழன்னுதானே மேடம் இருக்கு? நாங்க ஒன்பதுக்கே கொண்டுவந்துட்டோம்" என்றார் மேலாளர். காகிதப்படி அவர் சொன்னது சரி. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'டெலிவரபிள் முடிந்தது', அதாவது ஒப்புக்கொண்ட வேலை முடிந்தது என்று ஒரு மின்னஞ்சல். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே வேலையை வேறு பெயரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பெயரைத் தெரிந்துகொண்டு அவர்களை மட்டும் தவிர்ப்பதால் பிரயோசனம் இல்லை.

பவுன்ஸ் ரேட்டே பொய் என்று நான் சொல்லவில்லை. மொத்தத் தளத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்ப்பதால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. பொய்க் கணக்கை எல்லாம் நீக்கிவிட்டு, எந்தப் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், செல்போனா கணினியா என்று பிரித்துப் பார்த்தோம். ஜமுக்காளத்தைத் துவைப்பது எப்படி என்று நாங்கள் எழுதிவைத்த பக்கத்தில் தேடலில் இருந்து நிறையப் பேர் வந்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, போனார்கள். தொடர்பு எண் இருக்கும் பக்கமும் அப்படித்தான். நம்பரைப் பார்த்ததும் போனைக் கையில் எடுக்கிறவர் நல்ல வாடிக்கையாளர். அந்த இடங்களில் ரேட்டைக் குறைக்கப் போராடுவது வெட்டி வேலை.

வலித்தது வேறு இடம். கல்யாண ஜமுக்காளம் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, சொடுக்கினால் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருந்தோம். அங்கே முதலில் தெரிவது போர்வை. வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார். விளம்பரத்தை நேராக அந்தப் பொருளின் பக்கத்துக்கு மாற்றியதும் நிலைமை வேறானது. அடுத்தது படங்கள். கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தோம், ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்பி. கிராமத்தில் சிக்னல் குறைவான போனில் முதல் படம் வருவதற்குள் ஆள் போய்விடுவார். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்; பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய கருவியில் யாரும் இலவசமாகச் சோதிக்கலாம். படங்களை வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைக் குறைக்கும் வடிவத்துக்கு மாற்றிச் சின்னதாக்கினோம். நீள அகலத்தையும், எத்தனை பேர் உட்காரலாம் என்பதையும், கூரியர் கட்டணத்தையும் விலைக்குப் பக்கத்திலேயே போட்டோம். அதுவரை கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். வாட்ஸ்ஆப் பொத்தானை அழுத்துவதைக் கீ ஈவென்டாகக் குறித்தோம். இதனாலும் பவுன்ஸ் ரேட் கொஞ்சம் குறையும்தான், ஆனால் அந்தக் குறைவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், விலை கேட்கிறார். ரேட் இப்போது மெதுவாக, ஏற்ற இறக்கத்தோடு இறங்குகிறது. ஒற்றை இலக்கத்துக்கு வரவே வராது, வரவும் வேண்டாம்.

யாருக்காவது இந்த வேலையைக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அனலிட்டிக்ஸ் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அவர்கள் கணக்கில் தொடங்க விட்டால், சண்டை வரும்போது பழைய தரவு மொத்தமும் அவர்களிடம் மாட்டிக்கொள்ளும். வருகிறவருக்கு 'அனலிஸ்ட்' அனுமதி போதும். அதற்கு மேலே இருக்கும் 'மார்க்கெட்டர்', 'எடிட்டர்' அனுமதிகளில் கீ ஈவென்ட்டை மாற்ற முடியும். மாற்றவேண்டிய தேவை வந்தால் எதை, ஏன் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு நீங்களே மாற்றுங்கள். ஒப்பந்தத்தில் பவுன்ஸ் ரேட்டை இலக்காக எழுதவே எழுதாதீர்கள். ஆர்டர், விசாரணை அழைப்பு, வாட்ஸ்ஆப் செய்தி என்று உங்கள் கையால் எண்ணக்கூடியதை எழுதுங்கள். மாதாமாதம் அவர்கள் அறிக்கையைச் சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் இருந்து தளத்துக்கு வந்த சொடுக்குகளைக் காட்டும் கூகுளின் கருவி) வரும் சொடுக்குகளோடும் வங்கிக்கு வந்த பணத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இரண்டிலும் அவர்களால் அவ்வளவு சுலபமாக விளையாட முடியாது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், அனலிட்டிக்ஸில் இருந்து நீக்கியதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டேக் மேனேஜர் (தளத்தில் இத்தகைய குறியீடுகளைச் சேர்க்கும் கூகுளின் கருவி), விளம்பரக் கணக்கு, சர்ச் கன்சோல், ஹோஸ்டிங் (தளம் வைத்திருக்கும் சர்வர் கணக்கு), வேர்ட்பிரஸ் பயனர் பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எங்கள் வேர்ட்பிரஸ்ஸில் 'சப்போர்ட்' என்ற பெயரில் முழு அதிகாரத்தோடு ஒரு பயனர் இருந்தார். அது யார் என்று கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை.