பாலிப்ரோப்பிலீனா, பேரியம் டைட்டனேட்டா?

மின்தேக்கிக்கான மின்காப்புப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது, ஒரு பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்கு உயர்த்தும் என்று சொல்லும் மின்காப்பு மாறிலிதான். அதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை: பாலிப்ரோப்பிலீன் படலத்துக்கு ஏறத்தாழ 2.2, பேரியம் டைட்டனேட் பீங்கானுக்கோ ஆயிரத்துக்கும் மேல். மின்புலம் திசை மாறத் தொடங்கியதும் கணக்கு வேறாகிவிடுகிறது.

பாலிப்ரோப்பிலீன் முனைவற்ற பொருள், அதாவது அதன் மூலக்கூறுகளில் நிலையான நேர், எதிர் மின்முனைகள் இல்லை. புலம் மாறும்போது அதில் பெரும்பாலும் எலக்ட்ரான் முகில்களே சற்று இடம்பெயர்கின்றன, மின்சுற்றுகளில் வரும் எவ்வளவு வேகமான மாற்றத்துக்கும் அவை ஈடுகொடுக்கும். பேரியம் டைட்டனேட்டிலோ, ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே டைட்டேனியம் அயனி நடுவிடத்தை விட்டு விலகி நிற்பதால், படிகம் தானாகவே முனைவுற்று, ஒவ்வொன்றும் ஒரு திசை நோக்கிய சிறு சிறு பகுதிகளாக, அதாவது களங்களாக, பிரிந்து கிடக்கிறது. பெரிய மாறிலியைத் தருவதில் இக்களங்களுக்கும் பங்குண்டு; புலம் புரளும் ஒவ்வொரு முறையும் அவற்றின் எல்லைகள் நகர்ந்தாக வேண்டும் என்பதால், இழப்பைத் தருவதும் அவையே.

எண்களில் பார்க்கலாம். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 10 கிலோஹெர்ட்ஸில் 100 வோல்ட் கொடுத்தால், அதில் செலவாகாமல் போய்வரும் திறன், அதாவது எதிர்வினைத் திறன், ஏறத்தாழ 628 வார் (அதன் அலகு). அதில் எத்தனை பங்கு வெப்பமாகிறது என்பதே இழப்புக் காரணி; அது 0.0002 உள்ள பாலிப்ரோப்பிலீனில் 0.13 வாட் வெப்பமாகும், கையால் தொட்டாலும் தெரியாது. 0.02 உள்ள, பேரியம் டைட்டனேட்டை அடிப்படையாகக் கொண்ட எக்ஸ்7ஆர் வகைப் பீங்கானில் அதுவே 12.6 வாட், ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள சில்லு அதைத் தாங்காது. போதாக்குறைக்கு, திசை மாறாத மின்னழுத்தம் (டிசி) ஏற ஏற இப்பீங்கானின் மின்தேக்குத்திறனும் சரிகிறது. வரையறுத்த அழுத்தத்தை நெருங்கும்போது பாதிக்கும் கீழே போவதுண்டு. மாறுமின்னழுத்தத்தில் அது மெல்ல ரீங்கரிக்கவும் செய்யும், மின்புலத்தில் பொருள் சற்றே உருமாறும் அழுத்தமின் விளைவின் உபயம்.

இதற்காகப் பீங்கானை ஒதுக்கிவிட முடியாது. மின்சுற்றின் வழங்கல் கம்பியில் எழும் சிறு அலைகளை அடக்குவதற்கு, கட்டைவிரல் பருமனுள்ள படல மின்தேக்கியைத் திணிப்பது வீண்வேலை. அங்கே புலத்தின் ஏற்ற இறக்கம் சிறிது, கொஞ்சம் இழப்பு இருந்தால் அலைகள் தணிய அது நல்லதும்கூட. அதிர்வெண் பிசகாமல் நிற்க வேண்டிய இசைவுச் சுற்றில் மட்டும் நான் எக்ஸ்7ஆரைத் தொடமாட்டேன். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் மின்தேக்குத்திறன் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாத சி0ஜி என்னும் வேறு வகைப் பீங்கானோ பாலிப்ரோப்பிலீனோதான் அங்கே சரிப்படும்.